ஜூன் 15-ல் படகு போனது, டிரைவர் கரையில்

அம்மா, வணக்கம்.

நான் ராமேஸ்வரத்தில் விசைப்படகு டிரைவர். வயசு 39. ஏப்ரல் 15-ல தடைக்காலம் தொடங்கின அன்னைக்கே நாளை எண்ண ஆரம்பிச்சாச்சு. படகைக் கரையேத்தி, பழுது பார்த்து, பெயின்ட் அடிச்சு, புது மடி வலை ரெண்டு கட்டி வச்சிருந்தோம். அந்த 61 நாளைக்கும் வீட்டுச் செலவுக்கு படகு முதலாளி சம்மாட்டிகிட்ட அறுபதாயிரம் முன்பணம் வாங்கியிருக்கேன்.

மே 30 சாயங்காலம் பையன் நுங்கு கேட்டான். வாசல்ல உட்கார்ந்து சீவிக் கொடுத்துட்டு இருந்தேன். அருவா வழுக்கி இடது கையில ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டையும் உள்பக்கமா வெட்டிருச்சு. மறுநாள் ஆபரேஷன். விரலை மடக்குற நரம்பு ரெண்டு விரல்லயும் அறுந்துபோச்சு, தொடு உணர்ச்சி நரம்பும் ஒண்ணு போச்சுன்னு டாக்டர் சொன்னார். ஆறு வாரம் கட்டு, பன்னிரண்டு வாரத்துக்கு வெயிட் எதுவும் தூக்கக் கூடாதாம்.

15-ஆம் தேதி வேற டிரைவர் போட்டு எங்க படகு போயிருச்சு. மறுநாள் இறால் நல்லா பட்டுச்சுன்னு போன் வந்துச்சு. அப்புறம் சம்மாட்டிகிட்ட இருந்து போனே இல்ல. கடல்ல அடிபட்டிருந்தா மரியாதையா இருந்திருக்கும். நுங்கு சீவி சீசனைத் தொலைச்சவன்னு படகுத் துறையில சிரிக்கிறாங்க.

ராத்திரி தூக்கம் இல்ல. கண்ணை மூடினா அந்த அருவாதான் வருது. பத்து நாளா குவார்ட்டர் போட்டாத்தான் படுக்க முடியுது. கைலி கட்டிவிட வர்ற மனைவி மேல எரிஞ்சு விழுறேன். பத்து வயசுப் பையன் என் பக்கமே வர்றதில்ல, நானும் கூப்பிடல. கடல்ல வச்சு எதாவது ஆகியிருந்தாக்கூட பிள்ளைகளுக்கு நாலு காசு வந்திருக்குமேன்னு தோணுது.

கட்டு பிரிச்சதும் வந்துரு, வீலை ஒத்தக் கையால பிடிச்சாப் போதும், வலையை நாங்க பார்த்துக்கிறோம்னு மச்சான் சொல்றான். ஏழாவது வாரம் போயிரலாம்னு இருக்கேன். போகலாமா?

ஒரு வாசகர், ராமேஸ்வரம்
ஜூன் 24

*

அன்புச் சகோதரருக்கு வணக்கம்.

உங்கள் கேள்விக்கு வருமுன் நான் ஒன்று கேட்கிறேன். ‘கடல்ல வச்சு எதாவது ஆகியிருந்தாக்கூட’ என்று எழுதியிருக்கிறீர்கள். செத்துப்போயிருக்கலாம் என்ற நினைப்பு வருகிறதா? எப்படி, எப்போது என்று மனம் கணக்குப் போடுகிறதா? அப்படியென்றால் இந்தக் கடிதத்தை இத்தோடு வைத்துவிட்டு 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் அது. தமிழில் பேசுவார்கள், எந்த நேரத்திலும் எடுப்பார்கள். மனைவியிடமும் இன்றே சொல்லுங்கள். அந்த நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது என்றாலும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும். குடித்திருக்கும் இரவில்தான் அது பலம் பெறும். குவார்ட்டரைப் பற்றி நான் முதலில் கவலைப்படுவது அதனால்தான்.

இனி ஏழாவது வாரம். போகக் கூடாது. ஏன் என்பதை உங்கள் தொழில் மொழியிலேயே சொல்லிவிடலாம்.

நரம்பு என்று நாம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உங்களுக்கு அறுந்தவை இரண்டு வகை. விரலை மடக்குவது தசைநாண், அதாவது கயிறு. தொடு உணர்ச்சியைக் கொண்டுபோவது நரம்பு, அதாவது கரன்ட் வயர். விரலுக்குள் அந்தக் கயிறு ஒரு குறுகலான குழாய் வழியாக, சின்னச் சின்னக் கப்பிகளுக்கு அடியில் ஓடுகிறது. அறுந்த கயிற்றைத் தைத்தபின் முதல் சில வாரம் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் தையல் நூல் மட்டும்தான். சதை மெல்ல மெல்லத்தான் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். அதுவரை ஆட்டாமலே வைத்திருந்தால் கயிறு குழாயோடு ஒட்டிக்கொள்ளும், விரல் விறைத்துப்போகும். பாரம் கொடுத்தால் தையல் விட்டுவிடும். பிசியோதெரபிஸ்ட் இத்தனை தடவை, இப்படி மட்டும் மடக்கு என்று எண்ணிக் கொடுப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் போக வேண்டும் என்பதற்காக. ஒரு தடவைகூடக் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ஆறு வாரம் முடியும் ஜூலை 12 வாக்கில் கட்டைப் பிரித்தால், டீ டம்ளர் பிடிக்க, சட்டைப் பட்டன் போட என்று லேசான வேலைக்கு மட்டும் கை தயார் என்று பொருள். இழுக்கவும் தாங்கிப் பிடிக்கவும் பன்னிரண்டு வாரம், அதாவது ஆகஸ்ட் 23-க்குப் பிறகு, அதுவும் டாக்டர் கையை இறுக்கிப் பார்த்துச் சொன்ன பிறகு.

‘வீலை ஒத்தக் கையால பிடிச்சாப் போதும்’ என்று மச்சான் அன்பில் சொல்கிறார். வலது கை வீலில் இருக்கும், சரி. கச்சான் என்ற தென்மேற்குக் காற்றில் படகு ஒரு புரட்டுப் புரட்டும்போது இடது கை உங்களைக் கேட்டுக்கொண்டு இருக்காது. பக்கத்தில் இருக்கும் கம்பியைத் தானாகப் பாய்ந்து பிடித்துவிடும். வருஷக்கணக்கில் கடலில் பழகிய கை எல்லாரையும் விட வேகமாகப் பிடிக்கும். தையல் விடுவது பெரும்பாலும் இப்படி ஒரு நொடியில்தான். ‘கவனமா இருந்துக்குறேன்’ என்ற வாக்குறுதியை மனம் தரலாம், கை தராது. விட்டுப்போனால் மறுபடி ஆபரேஷன். தாமதமாகத் தெரிந்தால் முதலில் குழாய்க்குள் சிலிக்கான் கம்பி வைத்து, சுமார் மூன்று மாதம் கழித்து வேறிடத்துத் தசைநாணை எடுத்து ஒட்ட வேண்டி வரலாம். அடுத்த தடைக்காலமே வந்துவிடும். விரலில் ‘பட்’ என்று ஒரு உணர்வு வந்து, நேற்று வரை மடங்கிய விரல் மடங்கவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும் அன்றே டாக்டரிடம் போங்கள்.

மரத்துப்போன பக்கத்தைப் பற்றி யாரும் உங்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். வெட்டிலிருந்து விரல் நுனி வரை 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை அந்த விரல் சூடான டம்ளரையும் அறியாது, ஐஸையும் அறியாது, மீன் முள்ளையும் அறியாது. இடையில் சுள்ளென்று கரன்ட் அடித்தது போல் இருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் நரம்பு வளர்வதன் அடையாளம் அது. உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறும் என்று நம் கரையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். வெதுவெதுப்பான கடல் நீரில் இருக்கும் சில கிருமிகள் ஆறாத புண்ணில் நுழைந்தால் கையையே கேட்கும். கட்டைப் பிரித்து எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் வேண்டாம்.

இதெல்லாம் கையைப் பற்றியது. ஆனால் ஏழாவது வாரம் என்ற அவசரம் கையிலிருந்து வரவில்லை. உங்கள் இடத்தில் இன்னொருவர் நிற்கிறார், போன் வரவில்லை, படகுத் துறையில் சிரிக்கிறார்கள். அங்கிருந்துதான் வருகிறது. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் மச்சானுக்கு ‘இல்லை’ என்று சொல்வது சுலபம்.

இழப்பு உண்மையானது, அதைச் சிறிதாக்கிப் பேசமாட்டேன். தடைக்காலம் முடிந்த முதல் வாரங்களின் இறால் திரும்பி வராது. ஆனால் மனம் அதைப் பெரிதாக்கியும் காட்டும். ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 23 வரை பத்து வாரம், விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், மொத்தம் முப்பது நாள் தொழில். தூக்கம் வராத இரவில் இந்த முப்பதும் மடி நிறைய இறாலாகவே வந்து நிற்கும். ஒரு காகிதத்தில் முப்பது கோடு போடுங்கள். காற்றுக்காகக் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் கொடுக்காத நாள், வேலைநிறுத்த நாள், வலை கிழிந்து வந்த நாள், மீன்பாடு இருந்தும் விலை விழுந்த நாள் என்று நடக்க நடக்க ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். வரத்து குவியும் முதல் நாட்களில் விலை எப்படி விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் நிற்பதுதான் நிஜமான இழப்பு. அதற்கு வருத்தப்படுங்கள்.

சம்மாட்டியின் போனுக்குக் காத்திருக்காதீர்கள். நீங்களே போங்கள், படகு கடலுக்குப் போகாத நாளில். டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றே விஷயம் பேசுங்கள். ஆகஸ்ட் கடைசி வாரம் டாக்டர் அனுமதித்ததும் வருகிறேன். முன்பணத்தை அதன்பின் பங்கில் இவ்வளவு இவ்வளவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவரை கரையிலிருந்து என்ன செய்யட்டும். மூன்றாவதுதான் முக்கியம். எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்) மடி கிழியும், எந்த நீவாட்டில் (நீரோட்டத்தில்) எந்தப் பக்கம் இழுக்க வேண்டும், ஜிபிஎஸ்-இல் எந்தப் பாயின்ட் என்பது உங்கள் தலையில் இருக்கிறது. பாயின்டைச் சொத்து போலப் பூட்டி வைக்கும் டிரைவர்கள் உண்டு, அது அவரவர் இஷ்டம். ஆனால் புது டிரைவர் வலையைக் கிழித்து வராமல் பார்த்துக்கொள்பவரைச் சம்மாட்டி மறக்கமாட்டார். ஒரு சிறு பங்கு கேட்கவும் அது நியாயமான காரணம். ‘வேறு ஆளைப் போட்டுவிட்டேன்’ என்று அவர் சொல்லவும் கூடும். சொன்னால், ஆகஸ்டில் தெரிவதற்குப் பதில் இப்போதே தெரிகிறது. வேறு படகு கேட்க இரண்டு மாதம் இருக்கிறது.

பண விஷயத்தில் ஒன்று மட்டும். மீனவர் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினரென்றால், குழு விபத்துக் காப்பீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று சங்கத்திலோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ கேளுங்கள். அதில் மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை இடமுண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியையும் பில்களையும் தொலைக்காமல் வையுங்கள். கந்துவட்டிப் பக்கம் போகாதீர்கள்.

தூக்கம். காலையில் போய் இரவெல்லாம் வலை இழுத்து மறுநாள் காலையில் கரை பிடிக்கும் உடம்பு உங்களுடையது. அது இன்னும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. பகலில் படுக்காதீர்கள், எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஆறுக்கு எழுந்துவிடுங்கள், மதியத்துக்குப் பிறகு டீ வேண்டாம். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் நெஞ்சு உயரத்தில் வைத்தால் வீக்கமும் துடிப்பும் குறையும். சாராயம் முதல் இரண்டு மூன்று மணி நேரம் தூங்க வைத்து, பின்னிரவில் எழுப்பிவிட்டுவிடும். அந்த நேரத்தில்தான் அருவாள் வருகிறது. போதையில் கட்டைக் கழற்றி எறிபவர்களும் உண்டு, வலி மாத்திரையோடு சேர்ந்தால் அது வேறு ஆபத்து. பத்து நாள் பழக்கம்தான், இன்றே விடலாம். விட்டதும் இரண்டு மூன்று இரவு தூக்கம் இன்னும் மோசமாக இருக்கும், அதைக் கண்டு திரும்பக் குடிக்கத் தொடங்கிவிடாதீர்கள். முன்பிருந்தே தினமும் குடித்தவர் நீங்கள் என்றால் மட்டும், டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

கண்ணை மூடினால் அருவாள் வருவது முதல் மாதத்தில் பலருக்கும் நடப்பது. வரும்போது விரட்டாதீர்கள், விரட்டினால் கூடும். கண்ணைத் திறந்து, தரையில் பாதத்தை அழுத்தி, ‘இது மே 30, இன்று ஜூன்’ என்று தேதியை வாயால் சொல்லுங்கள். அந்த அருவாளை அடுத்த வாரம் மனைவியை எடுத்து வரச் சொல்லி, தூரத்தில் வைத்து, படபடப்பு பாதியாகக் குறையும் வரை பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு பக்கத்தில். ஒரு மாதம் தாண்டியும் காட்சி குறையாமல், திடுக்கிடுவதும் எரிந்து விழுவதும் தொடர்ந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

மனைவி கைலி கட்டிவிடுவதில் உங்களுக்குக் கூச்சம். எலாஸ்டிக் வைத்த அரைக்கால் சட்டை இரண்டு வாங்கினால் அந்தச் சண்டை பாதி தீரும். குளிக்கும்போது கட்டின் மேல் பாலிதீன் பையை மாட்டி முழங்கைக்குக் கீழே ரப்பர் போட்டுக்கொள்ளுங்கள், ரத்த ஓட்டம் நிற்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

கடைசியாகப் பையன். அவன் உங்கள் கோபத்துக்குப் பயந்து ஒதுங்கவில்லை என்று நினைக்கிறேன். நுங்கு கேட்டதால்தான் அப்பாவின் கை போனது என்று அவன் நம்பிக்கொண்டிருக்கக் கூடும். நீங்கள் பேசாமல் இருக்க இருக்க அது அவனுக்கு உறுதியாகும். ‘உன்மேல் தப்பில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் பத்து வயசுக்குப் போதாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: ‘நீ நுங்கு கேட்ட. அருவாளைப் பிடிச்சது நான். காயைக் கட்டையில வைக்காம கையில வச்சு சீவினேன், கையும் ஈரமா இருந்துச்சு. அதான் வழுக்கிருச்சு.’ உங்கள் வீட்டில் அன்று எப்படி நடந்ததோ அதையே சொல்லுங்கள், அருவாள் மொண்ணையாக இருந்திருந்தால் அதையும்.

பிறகு அவனிடம் ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்து உட்கார வையுங்கள். பிசியோ சொன்ன பயிற்சியை நீங்கள் செய்ய, அவன் எண்ணிக் குறிக்கட்டும். எண்ணிக்கை தாண்டினால் ‘போதும்பா’ என்று நிறுத்தும் உரிமையும் அவனுக்கே.