டெமோவில் ஓடுகிறது, கையில் கொடுத்தால் நிற்கிறது: மாணவர் ஆப் ப்ராஜெக்ட் கேள்வி-பதில்

ஆப் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். ‘எந்த ஃபிரேம்வொர்க் நல்லது?’ என்று கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் டீமில் இரண்டு பேருக்காவது ஏற்கெனவே எது தெரியுமோ, அதுதான் நல்லது.

ரத்த தானம் செய்பவர்களைத் தேடும் ஆப் செய்தோம். நண்பர்கள் இருபது பேரிடம் காட்டினோம், எல்லாரும் ‘சூப்பர்’ என்றார்கள். ரிவ்யூவில் எக்ஸாமினர் போனைக் கையில் வாங்கி இரண்டு நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு, ‘இதில் எங்கேப்பா தேடுவது?’ என்று கேட்டார். மானமே போய்விட்டது. எங்கே தப்பு செய்தோம்?

‘காட்டினோம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான். போன் உங்கள் கையில் இருந்திருக்கும். விரல் உங்களுடையது, ‘இதைத் தொட்டால் இது வரும்’ என்ற வர்ணனையும் உங்களுடையது. நண்பர்கள் பார்த்தது நீங்கள் ஆப்பை ஓட்டுகிற அழகை. ராத்திரி கண்விழித்துச் செய்ததை ஆசையாகக் காட்டும்போது எந்த நண்பன் குறை சொல்வான்?

அடுத்த முறை, ஆப்பைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்துவிடுங்கள். என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள், எப்படிச் செய்வது என்பதைச் சொல்லாதீர்கள். ‘சர்ச் பட்டனைத் தொட்டு ரத்த வகையைத் தேர்ந்தெடுங்கள்’ என்றால் கேள்வித்தாளோடு விடையையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. ‘உங்கள் உறவினருக்கு நாளைக் காலை ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் கொடுக்க ஒருவரைப் பிடிக்க வேண்டும்’ என்று சொல்லுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

அவர் எங்காவது சிக்கிக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். ‘நான் பக்கத்தில் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். இப்படிச் சும்மா இருப்பது லேசில்லை. நான் முதன்முதலில் நடத்திய சோதனையில் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் ‘மேலே, வலது பக்கம்!’ என்று கத்திவிட்டேன். அதற்கப்புறம் நோட்டும் பேனாவுமாக உட்காரப் பழகினேன். எழுதுகிற சாக்கில் வாய் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

எழுதவும் நிறைய இருக்கும். விரல் எங்கே தயங்கியது, எந்தச் சொல்லை இரண்டு முறை படித்தார், எதைப் பட்டன் என்று நினைத்துத் தொட்டு ஏமாந்தார். ‘எனக்கு இந்த டெக்னாலஜி எல்லாம் வராதுங்க’ என்று அவர் தன்னையே நொந்துகொண்டால் அந்த இடத்தைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தப்பு அந்த ஸ்க்ரீனில் இருக்கிறது.

எத்தனை பேரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993இல் வெளியிட்ட கணக்கில், ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளியே கொண்டுவருகிறார். அதன்படி 5 பேரில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும். அது சராசரிதான், உங்கள் ஆப்பில் குறையவும் செய்யலாம். மேலும், உங்கள் ஆப்பில் ரத்தம் தேடுபவர், கொடுப்பவர் என்று இரண்டு தரப்பு உண்டு. இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு சொல்லும் யோசனை அருமையானது. 15 பேர் கிடைத்தால் எல்லாரையும் ஒரே நாளில் தீர்த்துவிடாதீர்கள். 5 பேரிடம் கொடுங்கள், திருத்துங்கள், அடுத்த 5 பேரிடம் போங்கள். முதல் சுற்றுக்கு ஆப்கூடத் தேவையில்லை. ஸ்க்ரீன்களைக் காகிதத்தில் வரைந்து, அவர் எதைத் தொடுகிறாரோ அதற்கேற்ற தாளை நீங்கள் மாற்றி வைத்தால் போதும். இதை மூன்றாவது வாரத்திலேயே செய்துவிடலாம். தாளைக் கிழித்துப் போட யாருக்கும் மனசு வலிக்காது. எழுதி முடித்த புரோகிராம் கோடை (code) தூக்கிப் போடத்தான் வலிக்கும்.

கைடு ‘யூசபிலிட்டிக்கு (ஆப் பயன்படுத்த எளிதா என்பதற்கு) நம்பர் காட்டு’ என்கிறார். ஃபார்ம் அனுப்பினோம், 92 சதவீதம் பேர் ‘நன்று’ என்று போட்டிருக்கிறார்கள். இது போதுமா?

போதாது. ‘நன்று’ என்பது மரியாதை.

எண் வேண்டுமென்றால் ஜான் ப்ரூக் 1986இல் உருவாக்கிய சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல் இருக்கிறது. மொத்தம் 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியங்கள் புகழும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்லும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 5 போடுகிறவர் தானாகவே நடுவில் வந்து விழுவார். ஒற்றைப்படையில் வாங்கிய மதிப்பெண்ணிலிருந்து 1ஐக் கழியுங்கள். இரட்டைப்படையில் 5இலிருந்து மதிப்பெண்ணைக் கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100க்குள் ஒரு எண் வரும். அதற்குச் சதவீதக் குறி போட்டுவிடாதீர்கள், அது சதவீதமே இல்லை. 68ஐச் சராசரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஆப்பைப் பயன்படுத்தி முடித்த கையோடு நிரப்பச் சொல்ல வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பி மறுநாள் வாங்குவதில் பிரயோஜனம் இல்லை.

என்னைக் கேட்டால், ‘5 பேரில் 3 பேரால் உதவி இல்லாமல் முடிக்க முடிந்தது, மற்ற இருவரும் ஃபில்டர் ஸ்க்ரீனில் நின்றுவிட்டார்கள்’ என்ற ஒரு வரியையே அதிகம் நம்புவேன். அதையும் 60 சதவீதம் என்று எழுதிப் பெரிதாக்க வேண்டாம். 5 பேர் என்றால் 5 பேர்தான்.

16 வாரம், 4 பேர். சினாப்ஸிஸில் (தொடக்கத்தில் கொடுக்கும் திட்டச் சுருக்கத்தில்) 12 ஃபீச்சர் எழுதிக் கொடுத்தோம், எந்த வாரம் எந்த வேலை என்று காட்டும் கான்ட் சார்ட் எல்லாம் அழகாகப் போட்டோம். இப்போது 13ஆவது வாரம். லாகினும் ப்ரொஃபைலும் மட்டும்தான் ஓடுகின்றன. சத்தியமாக நாங்கள் சோம்பேறிகள் இல்லை.

நம்புகிறேன். உளவியலாளர்கள் ரோஜர் ப்யூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். இறுதியாண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் சுமார் 34 நாள். ‘எல்லாமே சொதப்பினால்?’ என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். நிஜத்தில் 55 நாளுக்கு மேல் ஆயிற்று. அதாவது எல்லாமே சொதப்பும் என்று கற்பனை செய்து சொன்ன கணக்கையும் நிஜம் தாண்டிவிட்டது. டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே இந்தப் பழக்கத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தமிழில் திட்டமிடல் மாயை என்று சொல்லலாம்.

திட்டம் போடும்போது வேலை ஒவ்வொரு படியாக எப்படி நடக்கும் என்று மனதில் ஓட்டிப் பார்க்கிறோம். அந்தப் படத்தில் யாருக்கும் காய்ச்சல் வராது, லேப்டாப் சாகாது, லைப்ரரி அப்டேட் ஆகி பில்டு உடையாது. நண்பர்களிடம் ஆப்பைக் காட்டியதாக மேலே ஒருவர் எழுதியிருந்தாரே, அதே கோளாறுதான் இதுவும். உங்கள் தலைக்குள் எல்லாம் ஓடுகிறது. அதனால் தலைக்குள் பார்ப்பதை விட்டுவிட்டு, உங்களைப் போன்றவர்களுக்கு நிஜத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். போன வருட சீனியர்களின் சினாப்ஸிஸையும் ஃபைனல் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சொன்னது எத்தனை, செய்தது எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு மதியம் போதும். எந்த கான்ட் சார்ட்டும் அவ்வளவு உண்மை பேசாது.

அடுத்து, வாரக்கணக்கை மணிக்கணக்காக மாற்றுங்கள். 16 வாரத்தில் தேர்வுகளுக்கு 3, ரிவ்யூவுக்கும் ரிப்போர்ட்டுக்கும் 2 போனால் மிச்சம் 11. ஆளுக்கு வாரம் 5 மணி நேரம் என்றால் 4 பேருக்கும் சேர்த்து 220 மணி நேரம். இதில் பாதி, புதிதாகக் கற்றுக்கொள்வதற்கும், இன்ஸ்டால் தகராறுக்கும், ஒருவர் கோடை இன்னொருவர் கோடோடு சேர்ப்பதற்கும் போய்விடும். நான் பார்த்த டீம்களில் பாதிக்கு மேல்தான் போயிருக்கிறது. மிச்சம் 110 மணி நேரம். 12 ஃபீச்சர் என்றால் ஒன்றுக்கு 9 மணி நேரம்தான். அதற்குள் டிசைன், கோடு, சோதனை, திருத்தம் எல்லாம் முடியுமா? நாலு ஃபீச்சர் என்றால் ஒன்றுக்கு 27 மணி நேரம் கிடைக்கிறது. இப்போதுதான் மனிதர்கள் செய்கிற கணக்கு மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. தயவுசெய்து லாகினில் ஆரம்பிக்காதீர்கள். முதல் ஸ்க்ரீன் அது என்பதால் எல்லாரும் முதலில் அதையே செய்கிறார்கள். ஓடிபி, மறந்த பாஸ்வேர்ட், ஈமெயில் சரிபார்ப்பு என்று மூன்று வாரத்தைத் தின்றுவிடும். உலகம் ஆயிரம் முறை செய்து முடித்த வேலை அது, உங்கள் ப்ராஜெக்டைப் பற்றி எதையும் சொல்லாது. உங்கள் ஆப்பில் எது நடக்குமா என்று உங்களுக்கே சந்தேகமோ, அதை முதலில் செய்யுங்கள். முதல் ஸ்க்ரீனிலிருந்து டேட்டாபேஸ் வரை போய்த் திரும்பும் ஒரே ஒரு மெல்லிய பாதை, பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

சரி, உங்களுக்கு 13ஆவது வாரம் ஆகிவிட்டது. மிச்சமிருக்கும் பத்து ஃபீச்சரில் ஒன்பதை வெட்டுங்கள். மிஞ்சும் அந்த ஒன்றை 15ஆவது வாரத் தொடக்கத்துக்குள் முடித்து, அந்நியர் 5 பேரிடம் கொடுங்கள்.

கடைசி மாதம் இன்னும் இரண்டு பேரை டீமில் சேர்த்துக்கொள்ள கைடு சம்மதித்துவிட்டார். வேகம் கூடும்தானே?

குறையும். தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்று மென்பொருள் பொறியாளர் ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது வேலை தெரிந்த நீங்கள்தான். 4 பேருக்குள் 6 ஜோடிப் பேச்சு, 6 பேருக்குள் 15. அந்த இருவரை ரிப்போர்ட், பயனர் சோதனை மாதிரி கோடைத் தொடாத வேலைக்கு விடுங்கள், அப்போது லாபம்.

எங்கள் டெவலப்பர் மூன்று வாரமாக ‘90 சதவீதம் முடிந்தது’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பெல் லேப்ஸில் இருந்த டாம் கார்கில் இதை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். முதல் 90 சதவீதக் கோடுக்கு 90 சதவீத நேரம் போகும், மீதி 10 சதவீதக் கோடு இன்னொரு 90 சதவீத நேரத்தை எடுத்துக்கொள்ளும். சதவீதம் கேட்பதை நிறுத்துங்கள். உங்கள் போனில் புதிதாக இன்ஸ்டால் செய்து, அவன் பக்கத்தில் இல்லாமல் ஓடினால் முடிந்தது. இல்லையென்றால் முடியவில்லை. நடுவில் ஒன்றும் கிடையாது.

ரிவ்யூவுக்கு முன் பிளே ஸ்டோரில் ஏற்றிவிட ஆசை. பத்து நாள் இருக்கிறது.

நடக்காது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் டெவலப்பர் கணக்கு என்றால், வெளியிட அனுமதி கேட்பதற்கு முன்பே குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் குளோஸ்டு டெஸ்டிங்கில் (நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் சோதிக்கும் கட்டத்தில்) இருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆக்கினார்கள். அப்புறம் கூகுளின் பரிசீலனை நாட்கள் தனி. ஸ்டோர் இல்லாமலே ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஏபிகே ஃபைலைப் போனில் போட்டுக்கொண்டு போங்கள், யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

எங்கள் கண்ணுக்கு ஸ்க்ரீன் நன்றாகத்தான் தெரிகிறது. எக்ஸாமினர் ‘எழுத்து தெரியவில்லை, பட்டன் அகப்படவில்லை’ என்கிறார். வயதானவர்களுக்காகவும் டிசைன் செய்ய வேண்டுமா?

வெயிலில் நின்று போனைப் பார்க்கும்போது எல்லாருமே வயதானவர்கள்தான்.

இதற்கு ரசனை தேவையில்லை, அளவுகளே இருக்கின்றன. தொடும் பகுதி ஆண்ட்ராய்டில் 48 டிபி சதுரம், ஆப்பிளில் 44 பாயின்ட் சதுரம் (இரண்டும் ஸ்க்ரீனில் அளக்கும் அலகுகள்). ஐகான் சின்னதாகவே இருக்கட்டும், அதைச் சுற்றித் தொடும் இடம் அவ்வளவு இருந்தால் போதும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வேறுபாடு, 4.5க்கு 1 என்ற அளவுக்குக் குறையக் கூடாது. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து போடுகிற மோகம் இந்த இடத்தில் அடிபடும். பச்சை என்றால் கிடைக்கும், சிவப்பு என்றால் கிடைக்காது என்று நிறத்தை மட்டும் நம்பாமல் சொல்லாகவும் எழுதுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக இருக்கிறார்கள். போன் செட்டிங்ஸில் எழுத்தளவை உச்சத்தில் வைத்து உங்கள் ஆப்பை ஒரு முறை திறந்து பாருங்கள். பாதி டீம்கள் அந்த இடத்திலேயே ‘ஐயோ’ என்பார்கள்.

தமிழில் இடைமுகம் செய்திருந்தால் இன்னொரு பொறி உண்டு. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடில் ஐந்து குறியீடு. பெயருக்கு இத்தனை எழுத்துதான் என்று வரம்பு வைத்தவர்களும், நீளமான சொல்லை நடுவில் வெட்டி ‘...’ வைத்தவர்களும் இதில் விழுவார்கள். புள்ளி ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகத் தொங்கும்.

டெமோ அன்று நெட் போய்விட்டால்?

போகும். முந்தின நாளே போனை ஃபிளைட் மோடில் போட்டு ஆப்பைத் திறந்து பாருங்கள். வெள்ளை ஸ்க்ரீனில் ஏதோ சுற்றிக்கொண்டே இருந்தால், ‘இணைப்பு இல்லை, மறுபடி முயலவும்’ என்று ஒரு வரியும் ஒரு பட்டனும் வையுங்கள். நெட் இருக்கும்போதும் ஒரு நொடிக்கு மேல் காத்திருக்க வைத்தால் ஏதோ நடக்கிறது என்று காட்டுங்கள். பத்து நொடி தாண்டினால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். டெமோவை வீடியோவாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது ஏமாற்று வேலை இல்லை.

9ஆவது வாரத்தில் கைடு ‘ஒரு சாட்பாட்டும் சேர்த்துவிடுங்கள், ஏஐ இல்லாவிட்டால் எடுபடாது’ என்கிறார். எப்படி மறுப்பது?

மறுக்காதீர்கள். மிச்சமிருக்கும் மணி நேரம், ஒவ்வொரு ஃபீச்சருக்கும் ஆகும் மணி நேரம் இரண்டையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சாட்பாட்டையும் கடைசி வரியாக அதன் மணி நேரத்தோடு சேர்த்துவிட்டு, ‘சார், இதற்குப் பதிலாக எதை எடுத்துவிடட்டும்?’ என்று பேனாவை அவர் கையில் கொடுங்கள். இதுவரை நான் பார்த்த கைடுகளில் பெரும்பாலானவர்கள் அடித்தது அந்தக் கடைசி வரியைத்தான். ஒருவர் மட்டும் லாகினை அடித்தார்.