6 வயதுப் பிள்ளைக்கு பி.பி. அதிகம், டாப்ளர் ஸ்கேனில் (ரத்த ஓட்டம் பார்க்கும் அல்ட்ராசவுண்டில்) ஒன்றும் இல்லை. பிறகு ஏன் ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ப் படம்)?

டாப்ளர் சரியாக வந்துவிட்டது என்பதாலேயே சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் சுருக்கம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமனி சுருங்கி ரத்தம் குறைந்தால், சிறுநீரகம் பி.பி.யை ஏற்றும் ரெனின் என்ற சுரப்பைக் கூடுதலாகச் சுரக்கும், பி.பி. ஏறும்.

டாப்ளரில் வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. ஆனால் பிள்ளை மூச்சடக்கி அசையாமல் படுக்க வேண்டும். 6 வயதில் அது லேசில் நடக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2017 வழிகாட்டுதலும், ஒத்துழைக்கக்கூடிய, சரியான எடையுள்ள, 8 வயதோ அதற்கு மேலோ ஆன பிள்ளைகளுக்குத்தான் இதை முதல்கட்டச் சோதனையாகச் சொல்கிறது.

சிடி, எம்ஆர் ஸ்கேன் வழியாக எடுக்கும் ஆஞ்சியோ பெரிய தமனியை நன்றாகக் காட்டும். சிக்கல் என்னவென்றால், பிள்ளைகளுக்குப் பல நேரம் சுருக்கம் சிறுநீரகத்துக்குள் போகும் சின்னக் கிளைகளில் இருக்கும். அது இவற்றிலும் தப்பிவிடலாம். தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்திப் பார்க்கும் ஆஞ்சியோதான் உறுதியான சோதனை. மயக்க மருந்து தேவைப்படும், ஆனால் சுருக்கம் இருந்தால் பெரும்பாலும் அப்போதே பலூன் வைத்து விரித்துவிடலாம்.

எல்லாப் பிள்ளைக்கும் இது வேண்டாம். இரண்டு மருந்து கொடுத்தும் பி.பி. இறங்கவில்லை, தோலில் காப்பி நிறத் திட்டுகள் நிறைய இருக்கின்றன, ஒரு கையில் நாடி மெலிந்திருக்கிறது என்றால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.