பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸில் ஓட்டுப் போட்டு நாடு கடத்தினார்களாமே, அது என்ன முறை?

'ஆஸ்ட்ரசிசம்' என்பார்கள். அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டதாக மக்கள் கருதும் தலைவரை 10 ஆண்டுகள் ஊரைவிட்டு அனுப்பிவைக்கும் வாக்கெடுப்பு. உடைந்த பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போட வேண்டும். மொத்தம் 6,000 ஓடுகளாவது விழுந்தால்தான் செல்லும். அதிக ஓடு பெற்றவர் 10 நாளில் கிளம்பிவிட வேண்டும்.

ஏன் இப்படி? பெய்சிஸ்திராதோஸும் அவர் மகனும் நடத்திய தனியாட்சியில் ஏதென்ஸ் சூடுபட்டிருந்தது. இன்னொருவர் அப்படித் தலையெடுப்பதற்கு முன்பே, ரத்தம் சிந்தாமல் தடுக்க நினைத்தார்கள். கி.மு. 487இல் முதலில் வெளியேற்றப்பட்டவரும் அந்தக் குடும்பத்தின் உறவினர்தான். வகுப்பில் ஓயாமல் மோதும் இருவரில் ஒருவனை வேறு செக்‌ஷனுக்கு மாற்றுவோமே, கிட்டத்தட்ட அதுதான்.

தில்லுமுல்லு இல்லாமலா? ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸ் அருகே ஒரு கிணற்றில் தளபதி தெமிஸ்டோகிளீஸின் பெயர் எழுதிய ஓடுகள் 190 அளவில் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் ஒரு சிலரே உட்கார்ந்து எழுதியவை. விநியோகிக்கத் தயாராக வைத்திருந்தார்கள் போல! பாரசீகரை சலாமிஸ் கடற்போரில் வென்ற அவரே பிற்பாடு இப்படி வெளியேற்றப்பட்டார்.

இது குற்றத்துக்கான தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: குற்றச்சாட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது, சொத்தும் குடியுரிமையும் வெளியேற்றப்பட்டவரிடமே இருக்கும்.