சண்டிகர் நாற்காலி யார் டிசைன்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெளிநாட்டு ஏலத்துல லட்சக்கணக்குல விலை போற சண்டிகர் நாற்காலிய ஒரு இடத்துல லெ கார்பூசியே டிசைன்னு போட்டிருக்காங்க, இன்னொரு இடத்துல பியர் ஜானரேன்னு போட்டிருக்காங்க. எது சரி?

பதில்: ஜானரேதான். ஆனா அவர் ஒருத்தர் மட்டும்னு சொன்னா அதுவும் அரை உண்மைதான், அதுக்கு அப்புறம் வர்றேன்.

1947 பிரிவினையில லாகூர் பாகிஸ்தான் பக்கம் போயிடுச்சு, இந்தியப் பக்கத்து பஞ்சாபுக்கு தலைநகரமே இல்லாம போச்சு. புதுசா ஒரு நகரமே கட்டணும்னு முடிவாச்சு, அதுதான் சண்டிகர். முதல்ல ஆல்பர்ட் மேயர்னு ஒரு அமெரிக்கர் பிளான் போட்டார், அவரோட வேலை பார்த்த மேத்யூ நோவிட்ஸ்கி 1950ல விமான விபத்துல இறந்துட்டார். அதுக்கப்புறம்தான் தாப்பர், வர்மான்னு ரெண்டு அதிகாரிங்க ஐரோப்பாவுக்குப் போய் ஆள் தேடினாங்க. பாரிஸ்ல பேர்போன ஆர்க்கிடெக்ட்டா இருந்த லெ கார்பூசியே ஒத்துக்கிட்டார், ஆனா இந்தியாவுலயே வந்து உட்கார மாட்டேன், அப்பப்போ வந்துட்டுப் போறேன்னார். ஸ்பாட்லயே இருந்து வேலைய நடத்த மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூன்னு இங்கிலாந்து ஆர்க்கிடெக்ட் தம்பதியும் கார்பூசியேயோட சொந்தக்காரர் ஜானரேயும் வந்தாங்க. ஃப்ரையும் ட்ரூவும் மூணு வருஷத்துல கிளம்பிட்டாங்க. ஜானரே 1951ல வந்தவர் 1965 வரைக்கும் அங்கயே இருந்தார், சீஃப் ஆர்க்கிடெக்ட்டாவும் ஆனார்.

கார்பூசியே, ஜானரே ரெண்டு பேர் உறவும் சாதாரணமானது இல்ல. 1922லேர்ந்து பாரிஸ்ல ஒரே ஆபீஸ்ல சேர்ந்து வேலை பார்த்தவங்க. ஷார்லட் பெரியாண்ட்னு ஒரு பிரெஞ்சு டிசைனரோட சேர்ந்து 1928 வாக்குல இவங்க போட்ட ஸ்டீல் குழாய் நாற்காலிங்க இன்னிக்கும் தயாராகுது. ரெண்டாம் உலகப்போர்ல பிரிஞ்சுட்டாங்க, கார்பூசியே ஜெர்மனிக்கு அடங்கிப்போன பிரான்ஸோட விஷி அரசாங்கத்துகிட்ட வேலை கேட்டுப் போனார், ஜானரே ஜெர்மனிய எதிர்த்த இயக்கத்துப் பக்கம் நின்னார். அப்படி விலகின ரெண்டு பேரும் மறுபடி பக்காவா சேர்ந்தது சண்டிகர்லதான்.

சரி நாற்காலிக்கு வருவோம். செக்ரடேரியட், ஹைகோர்ட், சட்டசபை, யுனிவர்சிட்டி, ஹாஸ்டல், லைப்ரரி, ஊழியர் குடியிருப்புன்னு எல்லாமே புதுசு, அத்தனைக்கும் ஆயிரக்கணக்குல நாற்காலி மேஜை பீரோ பெஞ்ச் வேணும். வெளிநாட்டுலேர்ந்து இறக்க காசும் இல்ல, பெரிய ஃபேக்டரியும் இல்ல, ஆனா தேக்கு இருந்தது, சீசம்ங்கிற வடநாட்டு ஈட்டி வகை மரம் இருந்தது, பிரம்பு இருந்தது, நல்ல ஆசாரிங்க இருந்தாங்க. பாரிஸ்ல வளைச்ச ஸ்டீலோட விளையாடின ஜானரே இங்க வந்து அதையெல்லாம் ஓரமா வச்சுட்டு, இங்க இருக்கிற மரத்துக்கும் கைக்கும் என்ன ஒத்து வருமோ அத வரைஞ்சார் பாருங்க, எனக்கு அந்த நாற்காலிய விட அந்த மனசுதான் பெருசாத் தெரியுது.

அதோட ஆபீஸ் மாடல ஒரு தடவ பக்கவாட்டுல நின்னு பாருங்க. ஒவ்வொரு பக்கமும் முன்னங்காலும் பின்னங்காலும் சாய்ஞ்சு வந்து மேல ஒண்ணா சேரும், ஜியோமெட்ரி பாக்ஸ் காம்பஸ விரிச்சு நிறுத்தின மாதிரி. அந்தக் கூர்மேலதான் கைப்பிடி உட்காரும். நடுவுல குறுக்குச் சட்டம் ஒண்ணு, சீட்டோட பாரத்த அது தாங்கிக்கும். பின்னாடி சாயற பகுதி தனி ஃப்ரேம், சீட்டுக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி இருக்கும், ரெண்டுலயும் பிரம்புப் பின்னல். வெயில் காலத்துல முதுகுக்குக் காத்து போகும், பின்னல் தொய்ஞ்சா அத மட்டும் பிரிச்சு மறுபடி பின்னிக்கலாம், மரச்சட்டம் பாட்டுக்கு இருக்கும். கால் கட்டைங்க நல்ல கனம், அலங்காரம்னு ஒரு கோடு கூட கிடையாது. இந்த வேலை ஒரே பட்டறையில நடக்கல, டிராயிங்க பல பட்டறைக்குக் கொடுத்தாங்க, அதனால ஒரே மாடல் ரெண்ட பக்கத்துல வச்சா அளவும் கட்டையோட தடிமனும் கொஞ்சம் மாறித்தான் இருக்கும்.

இப்போ அந்த அரை உண்மைக்கு வர்றேன். ஜானரேயோட ஆபீஸ்ல இந்திய ஆர்க்கிடெக்ட்டுங்க ஒரு டீமே இருந்தாங்க. யூலி சௌத்ரி 1951லயே அங்க சேர்ந்தவங்க, பிரெஞ்சு தெரிஞ்சவங்க, ஃபர்னிச்சர் டிசைன்ல ஜானரேயோட உட்கார்ந்து வேலை பார்த்தவங்க, பின்னாடி பஞ்சாபுக்கே சீஃப் ஆர்க்கிடெக்ட் ஆனவங்க. ஏலக் கம்பெனி கேட்லாக்ல ஜானரே பேர்தான் பெருசா வருது, அவங்க பேர் பல நேரம் வர்றதே இல்ல. இது ரொம்ப அநியாயம். செஞ்ச ஆசாரிங்க பேர யாரும் எழுதிக்கூட வைக்கல.

கேள்வி: அரசாங்க சொத்து எப்படி வெளிநாடு போச்சு? திருட்டுதானா?

பதில்: கொஞ்சம் திருட்டும் நடந்திருக்கு, ஆனா பெரும்பகுதி சட்டப்படி ஏலத்துல போனதுதான், அதுதான் இன்னும் வலிக்குது. வருஷங்கள் ஓட ஓட பின்னல் கிழிஞ்சது, கால் ஆடுச்சு, ஆபீஸுக்கு புது ஸ்டீல் நாற்காலி பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் வந்துச்சு, பழசையெல்லாம் இனி உதவாதுன்னு கண்டம் பண்ணி மொட்டை மாடியிலயும் கொல்லையிலயும் குவிச்சாங்க, குவியல் பெருசானா ஸ்கிராப் விலைக்கு ஏலம். 1990கள் கடைசியில பிரான்ஸ்லேர்ந்து சில டீலருங்க வந்து அத மொத்தமா எடுத்தாங்க, கப்பல்ல கொண்டுபோய் சரிபண்ணி பாலிஷ் போட்டு வித்தாங்க, அதுக்கப்புறம்தான் நியூயார்க், லண்டன், பாரிஸ் ஏலமெல்லாம். சட்டத்துலயும் ஒரு ஓட்டை இருக்கு, 1972 தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் புராதனப் பொருள் ஆகணும்னா குறைஞ்சது 100 வருஷம் ஆகியிருக்கணும், 1950கள்ல செஞ்ச நாற்காலிக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. 2011ல மத்திய உள்துறை அமைச்சகம் சண்டிகர் பாரம்பரிய ஃபர்னிச்சர விற்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, அதுக்குள்ள ஏகப்பட்டது போயிடுச்சு. முன்னாடியே வெளிய போனத திருப்பிக் கொண்டுவர்றதும் லேசு இல்ல, ஏலத்துல வாங்கினவன் ரசீதோட நிக்கிறான்.

கேள்வி: இப்போ கடைகள்ல கிடைக்கிற காப்பிய வாங்கலாமா? ஒரிஜினல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: தாராளமா வாங்கலாம், காப்பின்னு சொல்லி வித்தா தப்பே இல்ல. அது சாதாரண ஊழியர் உட்காரணும்னு செஞ்ச நாற்காலி, ஏலக் கூடத்துக்காக செஞ்சது இல்ல. நல்ல காய்ஞ்ச மரமா, இணைப்பு ஆடாம இருக்கா, பின்னல் கையால பின்னினதான்னு பாத்து வாங்குங்க. ஒரிஜினல்னு சொல்லி பெரிய விலை கேட்டா மட்டும் உஷார். எந்த ஆபீஸ், என்ன நம்பர்னு பெயிண்ட்ல ஸ்டென்சில் எழுத்து இருக்கும்னு சொல்லுவாங்க, நிஜம்தான், ஆனா அந்த எழுத்த புது நாற்காலியிலயும் அடிச்சுடலாம். எந்த ஏலத்துல வெளிய வந்ததுங்கிற பேப்பர் கேளுங்க, பேப்பர் இல்லன்னா வேண்டாம்.

நேர்ல பாக்கணும்னா சண்டிகர் போங்க. செக்டர் 5ல ஜானரே குடியிருந்த வீட்டையே 2017லேர்ந்து மியூசியமா வச்சிருக்காங்க. செக்டர் 19ல அந்தக்கால ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் இப்போ லெ கார்பூசியே சென்டர். அப்படியே சுக்னா ஏரிக்கும் போயிட்டு வாங்க, 1967ல ஜெனீவாவுல இறந்த ஜானரேயோட அஸ்திய அவர் ஆசைப்படி 1970ல அங்கதான் கரைச்சாங்க.