வல்லரசின் வணிகச் சலுகை நம் கொள்கையை எப்படி வளைக்கிறது?
"ஒப்பந்தம் என்றால் வரிக்குறைப்புதானே, அரசின் கொள்கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக் கடைகளில் நாம் வாங்கும் உறைந்த கோழித் தொடையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கோழி அடிமாட்டு விலைக்கு வந்து குவியாமலிருக்க, தென்னாப்பிரிக்கா 2000 முதல் தனி வரி போட்டிருந்தது. அதே ஆண்டு வந்தது, ஆப்பிரிக்க நாடுகளுக்கு வரிச்சலுகை தரும் அமெரிக்காவின் அகோவா சட்டம். அது நம் கார்களும் ஆரஞ்சுகளும் வரியின்றி அங்கே போக வழிசெய்தது. ஆனால் அது இருவரும் பேசிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அல்ல, அவர்கள் தரும் சலுகை. தகுதியை ஆண்டுதோறும் அவர்களே முடிவு செய்வார்கள். 2015-இல் சலுகையைப் புதுப்பிக்கும் நேரத்தில் கோழியைக் கையில் எடுத்தார்கள். ஆண்டுக்கு 65,000 டன்னை அந்தத் தனி வரி இல்லாமல் விட நாம் ஒப்புக்கொண்டோம். அப்புறமும் கிருமிப் பரிசோதனை விதிகளில் இழுபறி. வேளாண் சலுகையை நிறுத்த ஒபாமா நாள் குறித்த பிறகுதான், 2016-இல் கோழி வந்திறங்கியது. நம் பண்ணைத் தொழிலாளர்களின் பிழைப்பு இதில் பணயமானது எனக்கு இன்றும் ஆறவில்லை.

முழு வணிக ஒப்பந்தம் என்றால் பிடி இன்னும் இறுகும். 2003-இல் நாமும் அண்டை நாடுகளும் சேர்ந்த சுங்க ஒன்றியத்தோடு அமெரிக்கா பேச்சைத் தொடங்கியபோது காப்புரிமை, அரசுக் கொள்முதல் எல்லாமே பேச்சுக்கு வந்தன. நிறவெறியால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தரும் கொள்முதல் கொள்கைக்கே அது ஆபத்து. 2006-இல் பேச்சு நின்றது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.