தார் ஜீப்பைத் தார்ச் சாலையில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள்

கேள்வி: களக்காட்டில் நான்கு ஏக்கரில் வாழை வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டத்துப் பாதை சேறாகிவிடுவதால், நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி ஒன்றை வாங்க நினைக்கிறேன். 2014-இல் பதிவான மஹிந்திரா தார் சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல் எஞ்சின்) வண்டியைப் புரோக்கர் ஒருவர் காட்டினார். "வண்ணார்பேட்டைக்கு வாங்க அண்ணாச்சி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க" என்கிறார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஆனால் மெக்கானிசம் தெரியாது. ஓட்டிப் பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும், ஐயா?

பதில்: நெல்லை வண்ணார்பேட்டைத் தார்ச் சாலையில் ஓட்டிப் பார்த்தால் வண்ணார்பேட்டையில் ஓட்டுவதற்கு அந்த வண்டி ஆகுமா என்று தெரியும், உங்கள் வாழைத்தோட்டத்துக்கு ஆகுமா என்பது தெரியாது. நான்கு சக்கர இழுவைக்காகவே சாதாரண வண்டியைவிடக் கூடுதலாகப் பணம் கொடுக்கப் போகிறீர்கள். அந்தக் கூடுதல் பணத்துக்குரிய பாகங்கள் எதுவும் தார்ச் சாலையில் ஒரு சுற்று ஓட்டும்போது வேலையே செய்வதில்லை. புரோக்கருக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் சாலையை அவர் தேர்ந்தெடுக்கிறார். நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது, வண்டியை நாங்குநேரிக்குக் கொண்டுவாருங்கள், நான்குவழிச் சாலையில் கொஞ்சம் ஓட்டிவிட்டு அங்கிருந்து களக்காட்டுக்குப் போய் என் தோட்டத்து மண்ணில் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான். இதற்கு அவர் சாக்குச் சொன்னால் அந்த வண்டியை அங்கேயே மறந்துவிடலாம்.

வண்டியைக் காலை ஏழு மணிக்கு முன்பாகப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் எந்த வண்டியின் பானட்டும் சுடும் என்பதால், எஞ்சின் ஏற்கெனவே ஓடியதா, வெயிலில் நின்றதா என்று கண்டுபிடிக்க முடியாது. காலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, பானட் குளிர்ச்சியாக இருந்தால் மட்டும் சாவியைப் போடுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ அதை எழுப்பி, முதல் புகையைக் கழித்துவிட்டார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது வரும் புகை சில நொடிகளில் அடங்கிவிட வேண்டும். நீலப் புகை அடங்காமல் வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ எஞ்சின் தலைக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட்டோ சந்தேகத்துக்குரியது. இரண்டுமே கையைக் கடிக்கிற செலவு. எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஆவி வருவது இயல்பு, ரயில் எஞ்சின்போலக் குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்பி விலை பேச வேண்டாம், டிஜிட்டல் மீட்டரையும் திருப்புகிறார்கள். பெடல் ரப்பர் தேய்ந்து வழுவழுத்திருக்கிற வண்டி நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டினால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது, ஓட்டுவதற்கு முன்பே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். நடுவில் கியர் பாக்ஸுக்குப் பின்னால், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி இருக்கும். அதிலிருந்து புரொபெல்லர் ஷாஃப்ட் என்ற நீளத் தண்டு ஒன்று பின்சக்கரத்துக்கும் இன்னொன்று முன்சக்கரத்துக்கும் போக வேண்டும். இரண்டையும் கண்ணால் பாருங்கள், கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். "டக்" என்று அடிக்கும் அளவுக்கு இருந்தால் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ் போய்விட்டது. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், வாங்கி ஒரு வாரமேயான ஜீப்பை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். நான்கு சக்கர இழுவையைப் போடும் லிவர் வெண்ணெய்போல விழுகிறது, டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு எரிகிறது, ஆனால் சேற்றில் வண்டி நகரவில்லை என்றார். தூக்கிப் பார்த்தால் முன் ஷாஃப்ட்டே இல்லை. முன் ஹவுசிங்கில், அதாவது முன் அச்சின் உறையில், சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரம் உடைந்துபோனதும், செலவு செய்ய மனமில்லாமல் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, ஷாஃப்ட் மாட்டும் இடத்தில் கிரீஸ் பூசி உர மூட்டைச் சாக்குத் துண்டைச் சுற்றி, கம்பியால் அழகாகக் கட்டியிருந்தார்கள். விளக்கு எரிந்தது பொய்யில்லை. லிவர் அதன் இடத்துக்கு வந்துவிட்டது என்று ஒரு சின்ன ஸ்விட்ச் சொல்வதுதான் அந்த விளக்கு. முன்சக்கரம் இழுக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

தார் என்ற பெயரே நான்கு சக்கர இழுவைக்கு உத்தரவாதம் என்றும் எண்ணிவிடக் கூடாது. டிஐ என்ற பழைய வகை டீசல் எஞ்சின் தாரில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகை இருந்தது. 2020-இல் வந்த புதிய தாரிலும் 2023 ஜனவரி முதல் அப்படியொரு வகை விற்கப்படுகிறது. உங்களுக்கு இப்போது காட்டியிருப்பது நான்கு சக்கர இழுவையோடு மட்டுமே வந்த சிஆர்டிஇ என்பதால் பரவாயில்லை, ஆனால் விலை படியாமல் அதே புரோக்கர் "இதைவிட நல்ல வண்டி" என்று வேறொரு தாரைக் காட்டும்போது இது நினைவில் இருக்கட்டும்.

நான்குவழிச் சாலையில் டூ ஹெச் நிலையில், அதாவது சாதாரணப் பின்சக்கர இழுவையில், மூன்றடைப்பு வரைக்கும் போய்த் திரும்பினால் போதும். வேகம் எழுபதைத் தொடும்போது ஸ்டியரிங் உதறக் கூடாது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வரக் கூடாது. நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்துங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. பிறகு ஆளில்லாத இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து இரு பக்கமும் மெதுவாக வட்டம் அடித்து, முன்சக்கரத்தில் "கடக் கடக்" என்று கேட்கிறதா என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேளுங்கள். ரேடியோவைப் போட்டுக் கொடுக்கிற புரோக்கர்களும் உண்டு. முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

இனி முக்கியமான பகுதி. ஃபோர் ஹெச், அதாவது நான்கு சக்கர இழுவை, போட்டுப் பார்ப்பது இளகிய மண்ணில்தான், காய்ந்த தார்ச் சாலையில் அல்ல. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. ஃபோர் ஹெச்சில் முன்னும் பின்னும் ஒரே கட்டாகப் பூட்டப்பட்டிருப்பதால் அந்த வேறுபாட்டை டயர் வழுக்கித்தான் சரிசெய்ய வேண்டும். மண்ணில் டயர் வழுக்கும். தார்ச் சாலையில் வழுக்க இடமில்லாமல் ஷாஃப்ட்டும் பல்சக்கரமும் முறுக்கேறி, வண்டி இறுகிப்போய், கடைசியில் எங்கோ ஒன்று உடையும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் பலர் ஏமாற்றப்படுகிறார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் தனியாக ஒரு டிஃபரன்ஷியல் (இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) வைத்த, எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகளைத் தார்ச் சாலையில் தாராளமாக ஓட்டலாம். 2009-இல் நம் நாட்டுக்கு வந்த முதல் தலைமுறை டொயோட்டா ஃபார்ச்சூனரின் நான்கு சக்கர வகை அப்படிப்பட்டது. அதிலும் அந்த நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிவிட்டால் தார்ச் சாலை கூடாது. அதே ஃபார்ச்சூனரின் அடுத்த தலைமுறை அந்த வகை அல்ல. உங்கள் தாரைப்போல வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்வது. ஆக, ஒரே பெயருள்ள வண்டியிலேயே ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது. "ஃபார்ச்சூனர்ல ரோட்டுலயே போடுறாங்களே அண்ணாச்சி, இதுலயும் போடலாம்" என்று புரோக்கர் சொன்னால், அவர் எந்த ஃபார்ச்சூனரைச் சொல்கிறார் என்று கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்காது. உங்கள் தாரில் டூ ஹெச், ஃபோர் ஹெச், நியூட்ரல், ஃபோர் எல் என்ற லிவர் இருக்கிறது. நடு டிஃபரன்ஷியல் இல்லாத அந்த வண்டிக்கு இந்த விதிவிலக்கு இல்லை.

தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சி இளகிய இடத்தில் பின்சக்கரங்களை நிறுத்தி, ஃபோர் ஹெச் போட்டு, முதல் கியரில் கிளட்சை விடுங்கள். உங்கள் ஆள் ஒருவர் பக்கவாட்டில், சேறு தெறிக்காத தூரத்தில் நின்று முன்சக்கரத்தைப் பார்க்கட்டும். முன்சக்கரம் மண்ணைப் பின்னால் வாரி எறிய வேண்டும். முன்னால் ஒரு சக்கரம் மட்டும் சுழன்று மற்றது சும்மா நின்றால் பயப்பட வேண்டாம், பிடிப்பில்லாத பக்கம் சுழல்வது அதன் இயல்பு. இரண்டுமே சும்மா உருண்டு வந்தால்தான் முன்பக்கம் செத்துவிட்டது என்று கொள்ள வேண்டும். அப்போது முன்சக்கர நடுவில், சக்கரத்தை அச்சோடு பூட்டும் ஹப்பைப் பாருங்கள். கையால் திருகிப் பூட்டும் வகையாக இருந்தால் அதைப் பூட்டாமல் விட்டிருக்கலாம். தானே பூட்டிக்கொள்ளும் வகையாக இருந்தால் அது பழுதாகியிருக்கலாம், அதற்குரிய செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, மெதுவாகப் போய் அதிகமாக இழுக்கும் நிலையான ஃபோர் எல் போடுங்கள். வழியில் நியூட்ரல் இருப்பதால் கை பிரேக் அவசியம்; நியூட்ரலில் நின்றுவிட்டால் கியரில் இருக்கும் வண்டியும் சரிவில் உருளும். ஃபோர் எல்லில் இழுவை சுமார் இரண்டரை மடங்கு கூடும் என்பதால், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே முதல் கியரில் வரப்பு மேட்டில் வண்டி ஆமைபோல ஏற வேண்டும். ஏற்றத்தைவிட இறக்கம் முக்கியம். பிரேக்கைத் தொடாமல் இறங்கும்போது லிவர் மேல் ஒரு விரலை லேசாக வைத்திருங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் அந்த நேரத்தில் லிவர் துடித்து நியூட்ரலுக்குத் தாவினால், டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. மாஞ்சோலை மாதிரியான மலைப்பாதையில் இது உயிருக்கு ஆபத்து. தோட்டத்தில் பர்ஸுக்கு ஆபத்து. முடிந்ததும் டூ ஹெச்சுக்கு மாற்றி, நேர்கோட்டில் சில மீட்டர் பின்னால் வாருங்கள். முறுக்கு இளகி ஹப்பும் விடுபட்டுவிடும்.

நான்கு டயரும் ஒரே அளவாகவும் ஏறக்குறைய ஒரே தேய்மானமாகவும் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 235/70 ஆர்16. முன்னால் புதிதும் பின்னால் மொட்டையுமாக ஓட்டியவர் ஃபோர் ஹெச்சில் டிரான்ஸ்ஃபர் கேஸைச் சித்திரவதை செய்திருப்பார். பார்வைக்காகப் பெரிய டயரும் உயரம் கூட்டும் கிட்டும் போட்ட வண்டி உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது, நெல்லையிலும் தூத்துக்குடியிலும் எத்தனையோ வண்டிகள் நீரில் கிடந்தன. அவற்றுள் கழுவித் துடைத்து, வாசனைத் திரவம் அடித்துச் சந்தைக்கு வந்தவை உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளின் அடிப்பகுதியில் வண்டல் கோடு இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துருவும், ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே மண் படிவும் அதே கதையைச் சொல்லும். நான்கு சக்கர வண்டியில் இன்னும் ஒரு சோதனை உண்டு. முன் ஹவுசிங், பின் ஹவுசிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறந்து விரல் விட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் பால் ஊற்றிய டீயின் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. விற்பவர் பிளக்கைத் திறக்கச் சம்மதிக்கவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது.

"எஃப்சி எல்லாம் பக்கா" என்று தகுதிச் சான்றைப் பற்றிச் சொல்வார்கள். லாரிக்கும் வாடகை வண்டிக்கும்தான் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை. சொந்த வண்டிக்கு 15 ஆண்டுப் பதிவு என்பதால் 2014-இல் பதிவான இந்த வண்டியை 2029 வரை எந்த அதிகாரியும் சோதிக்கப் போவதில்லை. 15 ஆண்டு முடிந்த பின் சோதிக்கும்போதும் விளக்கு, பிரேக், சேஸ் எண் என்று பார்ப்பார்களே ஒழிய, முன்சக்கரம் இழுக்கிறதா என்று நான் அறிந்தவரை ஒருவரும் பார்த்ததில்லை. பழைய வண்டி வியாபாரிகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. என் பட்டறைக்கு வண்டியோடு வரும் புரோக்கர்களிடம் அந்தச் சான்றைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கேள்வி புரியாததுபோலச் சிரிப்பார்கள். விதியை எழுதியவர்கள் அதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள், ஏமாறுபவர் பாடு ஏமாறுபவரோடு.

உங்கள் புரோக்கர் கையில் உரிமையாளரின் கையெழுத்து மட்டும் போட்ட, மற்றதெல்லாம் காலியான, பெயர் மாற்றத்துக்குரிய 29, 30-ஆம் படிவங்கள் இருந்தால், அந்த வண்டி உங்களுக்கு முன்பே இரண்டு மூன்று கை மாறியிருக்கக்கூடும். ஆர்சி புக்கில் பெயருள்ளவரை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பதிவேட்டில் பெயருள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருப்பதால், உண்மையான உரிமையாளருக்கும் பெயரை மாற்றிவிடுவதில் அக்கறை இருக்கும், புரோக்கருக்குத்தான் இருக்காது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், லிஃப்ட் உள்ள பட்டறை ஒன்றில் கூலி கொடுத்து வண்டியை ஒரு மணி நேரம் தூக்கி வைத்துப் பாருங்கள். அந்தப் பட்டறை நீங்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும், புரோக்கர் கைகாட்டியதாக இருக்க வேண்டாம்.