கிளீனிங் செய்தால் பல் ஆடுமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறேன். வயது 46, சர்க்கரை இருக்கிறது. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. கீழ் முன்பற்கள் லேசாக ஆடுகின்றன. தட்டுவடை செட் கடிக்கவே பயம். வலி இல்லை. டாக்டர் கிளீனிங் செய்யச் சொல்கிறார். செய்தால் பல் விழுந்துவிடும் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யட்டும்?

பதில்: கிளீனிங் செய்யாமலேயே பல் ஆட ஆரம்பித்துவிட்டதே! பழியை அதன் மேல் போடாதீர்கள்.

கீழ் முன்பற்களின் உட்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று கல்லாக ஒட்டியிருந்தால் அதுதான் காரை. எச்சில் சுரப்பி அங்கேதான் திறக்கிறது. பல்லில் படியும் கிருமிப் படலத்தை எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சில நாட்களிலேயே இறுக்கிவிடும். அப்புறம் எந்த பிரஷ்ஷுக்கும் அது அசையாது.

ஈறு வீங்கி ரத்தம் கசிவதோடு நின்றால் கவலையில்லை, சுத்தம் செய்ததும் பழையபடி ஆகிவிடும். நோய் ஈறுக்கு அடியில் இறங்கினால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்தது பெரும்பாலும் திரும்பாது. இதெல்லாம் வலியே இல்லாமல் நடக்கும் என்பதுதான் இந்த நோயின் கள்ளத்தனம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம்கூட அவ்வளவாக வராது.

சரி, வீட்டில் சொல்வது எங்கிருந்து வந்தது? எலும்பு கரைந்த பற்களைக் காரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். வீக்கம் வற்றுவதால் இடைவெளியும் தெரியும், கொஞ்ச நாள் கூசும். பிறகு ஈறு இறுகும். லேசான ஆட்டம் பல நேரம் குறையவும் செய்யும்.

டாக்டரிடம் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கின் ஆழத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், எக்ஸ்ரேயும் எடுங்கள். 3 மி.மீ. வரை சரி. அதற்கு மேல் ஆழமாக இருந்தால் மேலே தெரியும் காரையை எடுத்தால் மட்டும் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு வேர் வரை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். சேலத்துக்குப் பக்கத்தில் அரியானூரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஈறுக்கென்றே தனித் துறை உண்டு.

போகும்போது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ரிப்போர்ட்டை மறக்காதீர்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது. பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் அதையும் காட்டுங்கள். அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்கவைக்கும்.

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடாதீர்கள். மெல்லிய பிரஷ்ஷை ஈறோரமாகச் சாய்த்துத் தேய்க்கலாம். உப்பு, கரி, செங்கல்பொடி எதுவும் வேண்டாம். சிகிச்சைக்குப் பிறகு உங்களுக்கு மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை கிளீனிங் தேவைப்படலாம்.